வாக்கி டாக்கி டோன் எவ்வளவு சுத்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை கணபதியில் வயர்லெஸ் செட் பழுது பார்க்கும் மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மில் வாட்ச்மேன் செட், உடுமலைப் பக்கம் காற்றாலை ஆட்களின் செட், கல்யாண மண்டபத்து செட், ஹாம் (பொழுதுபோக்கு வயர்லெஸ்) நண்பர்களின் செட் என்று எல்லாம் வரும். செட் எங்கிருந்து வந்தாலும், டோன் பற்றிய சந்தேகம் ஒரே மாதிரிதான் வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள்தான் கீழே இருக்கின்றன. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

டோன் டோன்னு சொல்றீங்க, பேசும்போது எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. அது எங்கீங்க இருக்குது?

உங்கள் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் பேசுவதற்கான பிடிடி பட்டனை அழுத்தியிருக்கும் நேரம் முழுக்க, 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஏதாவது ஒரு அதிர்வெண்ணில் மெல்லிய ரீங்காரம் ஒன்று உங்கள் குரலோடு சேர்ந்து போகிறது. இதற்கு சிடிசிஎஸ்எஸ் என்று பெயர். மோட்டோரோலா வைத்த 'பிரைவேட் லைன்' என்ற பெயரைச் சுருக்கி, பி.எல். டோன் என்றும் சொல்வோம். எதிர்முனை செட் அந்த டோனைக் கண்டுபிடித்தால்தான் ஸ்பீக்கரை மூடி வைக்கும் ஸ்கெல்ச் திறக்கும், ஸ்பீக்கர் பேசும். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர் இருப்பதால் அது உங்கள் காதுக்கு வருவதில்லை.

அளவிலும் அது சின்னதுதான். 25 கிலோஹெர்ட்ஸ் சானலில் மொத்த டீவியேஷன், அதாவது பேச்சும் டோனும் அதிர்வெண்ணை இரு பக்கமும் தள்ளும் தூரம், 5 கிலோஹெர்ட்ஸ் என்றால், டோனுக்குக் கிடைப்பது 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரைதான். 12.5 கிலோஹெர்ட்ஸ் சானலில் அதிலும் பாதி. இந்தச் சின்ன அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்கு இதுதான் காரணம்.

டோன் வேலை செய்யுது, செட் திறக்குது. அப்புறம் சுத்தத்தை வேற எதுக்குங்க அளக்கோணும்?

டோனைக் கண்டுபிடிக்கும் டிகோடர் பார்ப்பது அடிப்படை அதிர்வெண்ணை மட்டும்தான். 123.0 டோன் போட்டால் 123.0 வந்ததா என்று பார்த்துத் திறந்துவிடும். அதோடு ஒட்டிக்கொண்டு 246, 369, 492 என்று மடங்குகள் (ஹார்மோனிக்) வந்தால் அதற்குக் கவலை இல்லை. ஆனால் 369 என்பது 300-க்கு மேல். ஃபில்டர் அதை விட்டுவிடும், ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கும்.

அவிநாசி பக்கம் ஒரு மில்லில் இதைத்தான் பார்த்தேன். ஒரே ஒரு செட்டில் பேசினால் மட்டும் எல்லோருக்கும் 'உர்ர்' என்று பின்னணி கேட்கும். மைக் மாற்றினார்கள், ஆன்டெனா மாற்றினார்கள், பேட்டரி மாற்றினார்கள். டோன் சரியாகத் திறந்ததால் அதை யாரும் சந்தேகப்படவில்லை. அளந்து பார்த்தால் மூன்றாம் ஹார்மோனிக் மட்டும் 9 சதவீதம். இரவு ஷிப்டில் எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் காதில் வைத்திருந்த வாட்ச்மேனை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

சுத்தம்ங்கறதை எப்படிங்க எண்ணுல சொல்றது? சதவீதமா, டெசிபலா?

இரண்டிலும் சொல்லலாம். சுத்தமான சைன் அலையில் அடிப்படை மட்டும்தான் இருக்கும். அதோடு வரும் மடங்குகளை ஒவ்வொன்றாக அளந்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அடிப்படையின் அளவால் வகுத்தால் கிடைப்பதுதான் மொத்த ஹார்மோனிக் திரிபு. டி.எச்.டி. என்பது இதுதான். அடிப்படை 1 வோல்ட், இரண்டாம் ஹார்மோனிக் 0.01, மூன்றாவது 0.03 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.0001-ஐயும் 0.0009-ஐயும் கூட்டினால் 0.001, அதன் வர்க்கமூலம் 0.0316. அதாவது 3.2 சதவீதம். பெரியது எதுவோ அதுவே கணக்கை ஆள்கிறது என்பதைக் கவனியுங்கள். 0.01 இருந்தும் இல்லாததும் ஒன்றுபோலத்தான்.

டெசிபலில் 40 கீழே என்றால் 1 சதவீதம், 34 கீழே 2, 26 கீழே 5, 20 கீழே 10. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எண்கள்: முக்கோண அலையின் திரிபு சுமார் 12 சதவீதம், சதுர அலையுடையது சுமார் 48.

ஃப்ரீக்வென்சி கவுண்டர்ல 131.8ன்னு நச்சுன்னு காட்டுது. அப்ப சுத்தம்தானுங்களே?

இல்லை. கவுண்டர் நொடிக்கு எத்தனை முறை அலை வந்தது என்று எண்ணும். அலை எப்படிப்பட்ட உருவத்தில் வந்தது என்று பார்க்காது. 131.8 சதுர அலையையும் 131.8 என்றுதான் காட்டும். அதிர்வெண் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தனி விஷயம், அதையும் பாருங்கள். பக்கத்து டோன் 127.3, இடைவெளி மூன்றரை சதவீதம்தான்.

எத்தனை சதவீதத்துக்குள்ள இருந்தா நல்ல டோனுங்க?

என் மேசையில் 2-க்குள் இருந்தால் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்துவிடுவேன். 5-க்கு மேல் போனால் செட்டைத் திறப்பேன். நடுவில் இருந்தால் எந்த ஹார்மோனிக் என்று பார்க்காமல் பேச மாட்டேன். ஏனென்றால் ஒரே 3 சதவீதம் இரண்டு டோன்களில் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். 88.5 டோனின் இரண்டாம் ஹார்மோனிக் 177, மூன்றாவது 265.5. இரண்டுமே 300-க்குக் கீழே, ஃபில்டருக்குள் அடங்கிவிடும். 203.5 டோனின் இரண்டாவதே 407, நேராகப் பேச்சுக்குள் வந்து உட்காரும்.

அதனால் உயர்ந்த டோன் எண்களைப் பயன்படுத்துகிறவர்களிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். புதிதாக ஒரு இடத்துக்கு டோன் தேர்ந்தெடுக்கக் கேட்டால், 77.0 முதல் 97.4 வரைக்குள் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்.

ஸ்பீக்கர்லயிருந்து வயரை எடுத்து லேப்டாப்புல குத்திப் பாத்தேன், டோனே தெரியலை. செட்டு போச்சுங்களா?

செட் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன 300 ஹெர்ட்ஸ் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. அடிப்படையை வெட்டிவிட்டு ஹார்மோனிக்கை மட்டும் விடும் இடத்தில் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. இன்னொரு எச்சரிக்கை. பல கார் செட்களில் ஸ்பீக்கர் வயர் இரண்டுமே ஆம்ப்ளிஃபயர் வெளியீடு. ஒன்றை கிரவுண்டில் தொடவிட்டால் ஐசி போய்விடும். லேப்டாப்பின் கிரவுண்டும் கிரவுண்டுதான்.

எடுக்க வேண்டிய இடம், எஃப்எம் சிக்னலிலிருந்து ஆடியோவைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரின் வெளியீடு, எந்த ஃபில்டரும் தொடுவதற்கு முன்னால். ஹாம் மொபைல் செட்களின் பின்பக்கம் ஆறு முனை டேட்டா சாக்கெட் இருந்தால், அதில் 9600 பாட் வெளியீட்டு முனை ஏறக்குறைய இதைத்தான் தருகிறது. இல்லாவிட்டால் சர்க்யூட் படம் பார்த்து ஒரு வயர் சாலிடர் செய்ய வேண்டும்.

உயர்ந்த அதிர்வெண்களைக் குறைக்கும் டிஎம்ஃபசிஸ் சர்க்யூட்டைத் தாண்டிய இடத்தில் எடுத்துவிடாதீர்கள். அதிர்வெண் இரண்டு மடங்கானால் அது அளவைப் பாதியாக்கும். மூன்று மடங்கானால் மூன்றில் ஒன்றாக்கும். மூன்றாம் ஹார்மோனிக் உண்மையில் 6 சதவீதம் இருந்தால் அங்கே 2 என்று காட்டும். 'இரண்டு சதவீதம்தானே, சுத்தம்' என்று சந்தோஷமாக மூடிவிடுவோம். என்னிடம் யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் 'எங்கே எடுத்தீங்க?' என்றுதான் முதலில் கேட்பேன். அது தெரியாத எண்ணை நான் நோட்டில் எழுதுவதில்லை.

சர்வீஸ் மானிட்டர்ல டிஸ்டார்ஷன் பட்டன் இருக்கே, அதை அமுக்குனா போதாதுங்களா?

சர்வீஸ் மானிட்டர் என்பது செட்களைச் சோதிக்கும் கருவி. பெரும்பாலானவற்றில் அந்தப் பட்டன் 1000 ஹெர்ட்ஸுக்கென்றே செய்தது. 1000 ஹெர்ட்ஸை வெட்டிவிட்டு மீதி எவ்வளவு என்று பார்க்கும். ரிசீவரின் சினாட் (இரைச்சலோடும் திரிபோடும் ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு பெரிது என்ற எண்) அளப்பதற்கு அது போதும். 12 டெசிபல் சினாட் என்றால் 25 சதவீதம் என்று பொருள். 123 ஹெர்ட்ஸ் டோனை அதற்குக் கொடுத்தால், வெட்டுவதற்கு அங்கே 1000 எதுவும் இல்லை, டோன் முழுவதையும் 'மீதி' என்று எடுத்துக்கொண்டு நூறு சதவீதத்துக்குப் பக்கமாக ஏதோ காட்டும். டோன் கெட்டுவிட்டது என்று பயந்து செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

வெட்டும் இடத்தை நகர்த்தக்கூடிய கருவி வேண்டும். ஹெவ்லெட் பேக்கர்டின் 334ஏ, 8903பி போன்ற பழைய ஆடியோ கருவிகள் 20 ஹெர்ட்ஸ் அளவுக்கே இறங்கி வரும். 334ஏ-யில் கைப்பிடியைத் திருகி, முள் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தைத் தேட வேண்டும். 8903பி அதைத் தானே செய்துகொள்ளும். பழைய சாமான் சந்தையில் 334ஏ கிடைத்தால் விடாதீர்கள். அந்த முள் மெல்ல இறங்குவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது போல வேறு எதிலும் கற்க முடியாது.

அண்ணா, அவ்வளவு பெரிய மெஷினெல்லாம் வாங்க வசதியில்லைங்க. லேப்டாப்ல அளக்க முடியுங்களா?

தாராளமாக முடியும் தம்பி. பாலிடெக்னிக் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் நான் படித்த காலத்தில் இது கிடையாது. ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவச மென்பொருள் ஏதாவது ஒன்றும் சவுண்டு கார்டும் போதும். நொடிக்கு 48,000 மாதிரி, அலையை அதிர்வெண் கோடுகளாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கின் நீளம் 65,536 என்று வைத்தால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.73 ஹெர்ட்ஸ். டோனையும் அதன் மடங்குகளையும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலையும் தனித்தனியாகப் பார்க்க இது போதும். மாதிரித் தொகுப்பின் ஓரங்களை மெல்லக் குறைக்கும் விண்டோ தேர்வில் பிளாக்மன் ஹாரிஸ் வையுங்கள். விண்டோவே இல்லாமல் அளந்தால் அடிப்படையின் பாதம் அகலமாகப் பரவி ஹார்மோனிக்கை மூடிவிடும்.

முதலில் சவுண்டு கார்டையே அளக்க வேண்டும். அதன் வெளியீட்டில் 123 ஹெர்ட்ஸ் சைன் அனுப்பி, அதை அதன் உள்ளீட்டிலேயே வாங்கிப் பாருங்கள். அங்கேயே 1 சதவீதம் காட்டினால் அந்த கார்டால் 0.5 சதவீத டோனை அளக்க முடியாது. மைக் ஜாக்கில் சில வோல்ட் டிசி இருக்கும் என்பதால் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். 1 மைக்ரோஃபாரட் போட்டால் 67 ஹெர்ட்ஸில் அதுவே சுமார் 2400 ஓம் தடையாகி அடிப்படையைக் குறைத்து, ஹார்மோனிக்கைப் பெரிதாகக் காட்டும். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

ரிசீவராக, யுஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் வைத்தால் செட்டையே திறக்க வேண்டியதில்லை. டிஎம்ஃபசிஸையும், கீழே வெட்டும் ஆடியோ ஃபில்டரையும் மென்பொருளில் மறக்காமல் அணைத்துவிடுங்கள். செட்டை, ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கும் டம்மி லோடில்தான் ஓட்ட வேண்டும். டாங்கிளை அதில் நேராக இணைக்காமல் மேசையின் மறு ஓரத்தில் வைத்தாலே சிக்னல் போதும். ஆன்டெனாவில் விட்டு அளப்பது அடுத்தவர் சானலைக் கெடுக்கும். மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசியின் உரிமம் தேவைப்படும் செட்டாக இருந்தால், அது இல்லாதவர்களுக்குச் சட்டப்படியும் தவறு. இன்னொன்று, பிடிடி அழுத்தும்போது மைக் திறந்திருக்கும். பக்கத்து லேத் பட்டறைச் சத்தமும் டோனோடு சேர்ந்து வரும். மைக்கை மூடுங்கள், அல்லது வெற்று மைக் பிளக் ஒன்றைச் செருகிவிடுங்கள்.

ஏனுங்க, 100.0 டோன் போட்டா மட்டும் யாருமே பேசாம செட்டு தானா திறந்துக்குது?

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் முழு அலை ரெக்டிஃபயர் அதை 100 ஹெர்ட்ஸ் சிற்றலையாக மாற்றுகிறது. வடிகட்டும் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அந்தச் சிற்றலை ஆடியோவுக்குள் வரும். டிகோடருக்கு அது மிகச் சரியான 100.0 டோன். இந்த டோன் பட்டியல் 60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள அமெரிக்காவில் உருவானது. அங்கே 100.0 அப்பாவி. அவர்களுக்குத் தொல்லை 120-க்குப் பக்கத்தில் உள்ள 118.8.

நமக்கு 100.0 மட்டுமல்ல. 151.4 என்பது 150-லிருந்து ஒரு சதவீதம்கூடத் தள்ளியில்லை. 250.3 என்பது 250-க்கு ஒட்டினாற்போல இருக்கிறது. 203.5 கொஞ்சம் தேவலாம், 200-லிருந்து 1.7 சதவீதம் தள்ளி நிற்கிறது. விசைத்தறிக் கூடங்களும், வேகம் மாற்றும் டிரைவ் போட்ட மோட்டார்களும், ஜெனரேட்டர்களும் நிறைந்த திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கத்தில் பேஸ் செட் வைப்பவர்களுக்கு 100.0, 151.4, 250.3 மூன்றும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

அளப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 100.0 டோனை அளக்கும்போது கரண்ட் இரைச்சலும் அதே கோட்டில் வந்து விழும். எது டோன், எது இரைச்சல் என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. நாட்டு மின்கட்டத்தின் அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதன் இரட்டிப்பு 99.8 முதல் 100.1 வரை, நம் 0.73 ஹெர்ட்ஸ் இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் அப்படிப்பட்ட செட்டை 107.2-க்கு மாற்றி அளந்துவிட்டு, திரும்ப 100.0-க்கு வைத்துத் தருவேன். அல்லது முழு ஏற்பாட்டையும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவேன். பேட்டரியில் எண் மாறினால் குற்றம் டோனில் இல்லை, பவர் சப்ளையில்.

ஒரு மீட்டர் 1.8ங்குது, இன்னொண்ணு 6ங்குது. ரெண்டுல எதுங்க பொய்?

இரண்டும் உண்மை. இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. எஃப்எஃப்டி மடங்குகளை மட்டும் கூட்டி 1.8 என்றது. வெட்டி அளக்கும் மீட்டருக்கு அடிப்படை போன பிறகு மிச்சமிருப்பதெல்லாம் ஒன்றுதான்: ஹார்மோனிக், இரைச்சல், கரண்ட் ஹம் எல்லாம். அங்கே இரைச்சல் 5.7 சதவீதம் இருந்திருந்தால், 1.8-ஐயும் 5.7-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுங்கள், 6 வந்துவிடும்.

டோன் சின்னது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் கடிக்கிறது. ரிசீவரிலேயே 25 ஹெர்ட்ஸ் அளவுக்கு மிச்ச எஃப்எம் (சிக்னலில் இல்லாமல் ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சல்) இருக்கிறது என்று வையுங்கள். 5 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்கு அது அரை சதவீதம். 500 ஹெர்ட்ஸ் டோனுக்கு 5 சதவீதம். எனவே சிக்னலைப் பலமாகக் கொடுங்கள், மேலே 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டுங்கள். 300-இல் வெட்டாதீர்கள், தேடி வந்த ஹார்மோனிக்கே போய்விடும். பில்லில் எழுதும்போது எந்த முறை என்பதையும் சேர்த்து எழுதுவது நல்ல பழக்கம்.

அப்ப டோன் டீவியேஷனைக் கூட்டுனா சதவீதம் கொறையுதுங்களே. கூட்டியே வெச்சுக்கலாங்களா?

வேண்டாம். இரைச்சலின் பங்கு குறைந்ததால் எண் இறங்கியது, அலை திருந்தவில்லை. டோனுக்குக் கூடக் கொடுத்த இடத்தை உங்கள் குரலிலிருந்துதான் எடுக்கிறீர்கள். 12.5 கிலோஹெர்ட்ஸ் சானலில் மொத்தமே 2.5 கிலோஹெர்ட்ஸ்தான். டோனே 1 கிலோஹெர்ட்ஸ் தின்றுவிட்டால் பேச்சு அமுங்கிவிடும்.

அண்ணா, மைக்ரோகண்ட்ரோலர்ல நானே டோன் போர்டு பண்ணினேன். ஸ்கோப்புல சைன் மாதிரித்தான் தெரியுது, ஆனா எதிர்ல கீச்சுன்னு கேக்குதுங்க. ஏன்?

ஸ்கோப்பை வெறும் கண்ணால் பார்த்து இரண்டு மூன்று சதவீதத் திரிபைக் கண்டுபிடிப்பது எனக்கும் முடியாது, யாருக்கும் கடினம். ஒரு சுற்றுக்கு எத்தனை படி போட்டாய் என்று சொல். 16 படி என்றால், அந்தப் படிக்கட்டு அலையில் இரண்டாவதும் மூன்றாவதும் இருக்காது, 15-ஆவதும் 17-ஆவதும் இருக்கும். அவற்றின் அளவு அடிப்படையில் 15-இல் ஒரு பங்கும் 17-இல் ஒரு பங்கும், அதாவது 6.7 சதவீதமும் 5.9 சதவீதமும். 100 ஹெர்ட்ஸ் டோனுக்கு அவை 1500, 1700 ஹெர்ட்ஸ். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் விழுகின்றன. நீ கேட்ட கீச்சு அதுதான்.

வெளியீட்டில் 300 ஹெர்ட்ஸுக்கு ஆப்ஆம்ப் வைத்து இரண்டு கட்ட லோ பாஸ் ஃபில்டர் போடு. 1500 என்பது 300-ஐப் போல ஐந்து மடங்கு, இரண்டு கட்டம் என்பதால் அளவு 25-இல் ஒன்றாகும். 6.7 போய் 0.3-க்குக் கீழே வந்துவிடும். படியை 64 ஆக்கினால் இன்னும் நல்லது. அப்போது முதலில் வருவது 63-ஆவது, அளவு 1.6 சதவீதம், இருக்கும் இடம் 6300 ஹெர்ட்ஸ். பேச்சு எல்லைக்கே வெளியே போய்விடும். இப்படி ஒரு போர்டைச் சொந்தமாகச் செய்து, குறையும் கண்டுபிடித்துக் கொண்டு வந்த பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுக்கு டம்மி லோடு இரவல் தருவேன்.

டிடிஎம்எஃப் பட்டனையும் இதே மாதிரி அளக்கலாங்களா?

இதே மாதிரி முடியாது. டிடிஎம்எஃப் என்பது எண் பட்டன்களை அழுத்தினால் போகும் சத்தம், அங்கே ஒரே நேரத்தில் இரண்டு டோன். ஒன்றை வெட்டினாலும் மற்றது முழுதாக நிற்கும். எஃப்எஃப்டியில்தான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது மடங்குகளை மட்டுமல்ல, இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பிறக்கும் பிள்ளைகளையும். 5-ஐ அழுத்தினால் 770-உம் 1336-உம் வரும். கூட்டல் 2106, கழித்தல் 566, 770-இன் இரட்டிப்பிலிருந்து 1336 போனால் 204. டிடிஎம்எஃப் அதிர்வெண்களைத் தேர்ந்தெடுத்தவர்கள், இப்படிப் பிறப்பவை வேறொரு பட்டனின் அதிர்வெண்ணில் போய் விழாதபடி கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த 204-ஐப் பாருங்கள், 203.5 டோனின் மேலேயே வந்து உட்காருகிறது. 203.5 வைத்துக்கொண்டு டிடிஎம்எஃப் பயன்படுத்தும் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையத்தை) அளக்கும்போது நான் அந்தக் கோட்டைத் தனியாகப் பார்ப்பேன்.

தேவையில்லாதவை எல்லாம் சேர்ந்தும் 20 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கியூ.23 பரிந்துரை. அதிர்வெண்ணில், ஒன்றரை சதவீதத்துக்குள் இருந்தால் டிகோடர் ஏற்க வேண்டும், மூன்றரைக்கு மேல் போனால் தள்ள வேண்டும். இரண்டு டோன்களுக்கும் இடையிலான அளவு வித்தியாசத்தைப் பார்க்கும்போது மட்டும் டிஎம்ஃபசிஸுக்குப் பின்னால் எடுங்கள். முன்னால் எடுத்தால் 1336, அனுப்பும் செட் உயர்ந்த அதிர்வெண்ணுக்குக் கூட்டிக் கொடுக்கும் ப்ரீஎம்ஃபசிஸோடு வந்து, 4.8 டெசிபல் கூடுதலாகக் காட்டும். சிடிசிஎஸ்எஸ்ஸுக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அஞ்சு டோன் செலக்டிவ் கால் செட்டு?

ஐந்து டோனை வரிசையாக அனுப்பி ஒரு செட்டை மட்டும் கூப்பிடும் முறை இது. அதில் இசட்விஇஐ என்ற வகையில் ஒரு டோன் 70 மில்லிசெகண்ட்தான் நிற்கும். அந்த நேரத்துக்குள் எஃப்எஃப்டி கோடு 14 ஹெர்ட்ஸுக்கு நெருக்கமாக வர முடியாது. டெஸ்ட் மோடில் ஒரே டோனைத் தொடர்ந்து அனுப்ப வைத்து அளப்பதுதான் வழி.

டோன் ஐசி காலுல அளந்தா 0.8, காத்துல வந்து அளந்தா 4. நடுவுல யாருங்க சேத்தது?

மூன்று பேரில் ஒருவர்: டோனை அலையில் ஏற்றும் செட்டின் மாடுலேட்டர், உங்கள் ரிசீவர், அல்லது இரண்டுக்கும் நடுவே உள்ள வயரிங். எந்த ஹார்மோனிக் பெரிது என்று முதலில் பாருங்கள், அது வழி காட்டும். அலையின் மேல் பாதியும் கீழ் பாதியும் வேறு வேறு உருவத்தில் இருந்தால் இரண்டாவது பெரிதாகும். மாடுலேட்டரின் வராக்டர் டையோடு தன் நேர்கோட்டுப் பகுதியை விட்டு நகர்ந்திருந்தால் இப்படி வரும். இரண்டு பாதியும் ஒரே மாதிரி நசுங்கினால் மூன்றாவது பெரிதாகும். டோன், டீவியேஷனுக்கு எல்லை கட்டும் லிமிட்டரில் இடிக்கிறது என்று பொருள். அவிநாசி செட்டில் இருந்தது இதுதான், முன்பு யாரோ டோன் லெவலை முழுக்கத் திருகி வைத்திருந்தார்கள்.

டோன் எண்ணை மாற்றியும் அளந்து பாருங்கள். 67.0-இல் மோசமாகவும் 203.5-இல் நன்றாகவும் இருந்தால், கப்ளிங் கெப்பாசிட்டரையும், அதிர்வெண்ணைப் பூட்டி வைக்கும் பிஎல்எல்லையும் பாருங்கள். மெதுவான ஆட்டத்தை பிஎல்எல் தன் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். அதனால்தான் பல செட்களில் டோனை, அலையை உருவாக்கும் விசிஓவுக்கும் ரெஃபரன்ஸ் ஆசிலேட்டருக்கும் இரண்டு இடத்தில் கொடுக்கிறார்கள். அந்த இரண்டின் சமநிலை கலைந்திருக்கலாம்.

ஆனால் செட்டில் கைவைக்கும் முன் ரிசீவரைச் சோதியுங்கள். நம்பிக்கையான சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து அதே டோனை அதே டீவியேஷனில் கொடுங்கள். அங்கும் 4 வந்தால் செட் குற்றமற்றது. ஜெனரேட்டர் இல்லாவிட்டால் ரிசீவரை ஒரு கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகர்த்தி அளந்து பாருங்கள். எண் மாறக் கூடாது. போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு ஹாம் நண்பர் இந்தக் கேள்வியோடு செட்டையும் டாங்கிளையும் கொண்டு வந்தார். இரண்டாம் ஹார்மோனிக்தான் பெரிது. அவர் டாங்கிள் இரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளி நின்றது, ஃபில்டரையும் மிகக் குறுக்கி வைத்திருந்தார், சிக்னல் ஃபில்டரின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. டாங்கிளை நேர்ப்படுத்தி ஃபில்டரை அகலமாக்கியதும் 1.1 வந்தது. செட்டின் திருகு ஒன்றைக்கூட நான் கழற்றவில்லை.